அக்கா பாஸ் பண்ணாத நாய்

லாப்ரடார் நாயும் கோழிக்குஞ்சும் ஒட்டிக்கொண்டு தூங்குகிற வீடியோவை யாராவது அனுப்பினால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடுகிறது. அலுவலக வாட்ஸப் குழுவில் அடிக்கடி யாராவது இப்படி ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே வரிசையாக இதயம் போடுகிறார்கள். எனக்கோ, இதைப் படம் எடுத்த மகராசன் போனைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போன பிறகு அந்தக் குஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இந்தப் புத்தி பிறவியிலேயே வந்ததல்ல. சேரப்பணஞ்சேரியில் நான் குடியிருந்த வீட்டு ஓனர் அக்காவிடமிருந்து தொற்றிக்கொண்டது.

"ஆளு நிக்கச்சொல்ல எல்லா நாயும் நல்ல நாய்தாம்பா. ஆளு போனப்புறம் இன்னா பண்ணுது, அத்தப் பாரு" என்பார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், சொன்னதெல்லாம் சரியா என்று பார்க்க நேரில் வந்து நின்றாலும் நிற்பார்.

ஒரகடத்தில் அலுமினியத்தை உருக்கிக் கார்ப் பாகங்கள் வார்க்கிற ஒரு கம்பெனியில் அக்காவுக்குக் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. வார்த்து, கடைந்து, துடைத்து வருகிற பாகத்தை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நன்றாயிருந்தால் பச்சைப் பெட்டி. சந்தேகமாயிருந்தால் மஞ்சள், முடிவாகும்வரை ஹோல்டு. உதவாதென்றால் சிவப்பு. ஷிப்ட் முழுக்க இதுதான். மற்றவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடித் தூங்கிவிடுவார்கள். அக்காவின் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. இட்லி மாவை மோந்து பார்ப்பார். எங்கள் ரூம்களுக்குள் திடுதிப்பென்று வந்து, கேஸ் டியூபை விரலால் வளைத்து வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். "சைன் போட்டுட்டு அப்புறமா குந்திக்கினு அழுவக்கூடாது" என்பது அவருக்கு எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வாசகம்.

ஒரு தடவை மண்ணூரில் இருக்கிற அவர் தங்கையின் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் நல்ல கம்பெனி, நல்ல குடும்பம், ஜாதகம் பிரமாதம் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அக்கா மட்டும் யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் போய், அந்தப் பையன் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். பஸ் வந்ததும் பையன், கையில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண்ணை முழங்கையால் தள்ளிவிட்டு ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்திருக்கிறான். அன்று சாயங்காலமே அக்கா அவனைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டார். தங்கை ஒரு மாதம் பேசவில்லையாம்.

அக்காவின் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் டிரைவர். நைட் டியூட்டி. நான் அங்கே இருந்த காலமெல்லாம் அவரை நின்ற நிலையில் பார்த்ததைவிடப் படுத்த நிலையில் பார்த்ததுதான் அதிகம். நல்ல மனுஷர். பகலில் இடியே விழுந்தாலும் ஃபேன் சத்தம் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பார்.

வீட்டின் பின்னால் பெரிய மண்வாசல். அதைச் சுற்றி ‘ட’ போல நாங்கள் வாடகைக்கு இருந்த ரூம்கள். பாதிப் பேர் தெற்குச் சீமைப் பையன்கள். நான் கோவில்பட்டிப் பக்கம், என் ரூம் மேட் பாண்டி பரமக்குடி. எதிர் ரூமில் செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும், போன் கம்பெனி. வாசல் எங்களுடையதல்ல, கோழிகளுடையது. அக்காவுக்குக் கோழி என்றால் உயிர். பெட்டைகளும் குஞ்சுகளும் மதர்த்த சேவலுமாக வாசல் எப்போதும் கொக்கரித்துக்கொண்டே இருக்கும். துணி காயப்போடுவதும் பல் விளக்குவதும் கோழிகள் விட்டுக்கொடுத்த இடத்தில்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நாய்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். நாய் வைத்திருப்பவருக்கு வாடகைக்கு விடுகிற ஓனர் அந்த வட்டாரத்தில் அக்கா ஒருத்தர்தான். ஊருக்குப் போகிற ஆபீசர்கள், அபார்ட்மென்ட்டில் கெஞ்சிப் பார்த்துத் தோற்றவர்கள், வேறு கம்பெனிக்குத் தாவுகிறவர்கள் என்று யார் யாரோ நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சிலர் பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதோடு காணாமல் போவார்கள். அக்கா யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் கோழிப் பரீட்சை உண்டு.

புது நாய்க்குக் கழுத்தில் சிவப்பு நைலான் கயிறு. அவிழ்க்கவே கூடாது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கயிற்றைக் கையில் சுற்றி, நாயைக் கோழிகளுக்கு நடுவில் நிறுத்துவார். கொஞ்சம் தேறினால் கயிறு மஞ்சளாகும். அக்கா இருக்கும்போது மட்டும் அவிழ்க்கலாம். அதன் பிறகு வேலைக்குக் கிளம்புகிற மாதிரி பையை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைச் சத்தமாகச் சாத்திவிட்டு, பக்கத்து மனை வழியாகச் சுற்றி வந்து பாத்ரூம் ஜன்னலில் கண்ணை வைப்பார். அதிலும் தேறிய நாய்க்குத்தான் பச்சைக் கயிறு. பச்சைக் கயிறு போட்ட நாயை யார் வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம். வாசலில் குடியிருந்த அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். எங்கள் கம்பெனிகளிலும் இந்த மூன்று நிறங்கள்தானே.

முன் போர்ஷனில் இருந்த இன்ஜினியர் ஒரு கறுப்பு லாப்ரடார் வைத்திருந்தார். அவிழ்த்துவிட்ட முதல் நாளே அது ஒரு பெட்டைக் கோழியை வாயில் கவ்விக்கொண்டது. செல்வி அலறிவிட்டாள். அது யாரையும் சட்டை செய்யாமல் வாலை ஆட்டிக்கொண்டே வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கோழியை அக்காவின் மடியில் வைத்தது. ஒரு கீறல் இல்லை. கோழிதான் எச்சிலில் தொப்பலாக நனைந்து, தனக்கு என்ன நடந்தது என்று புரியாமல் அன்று முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு அந்த லாப்ரடார் பச்சைக் கயிறு வாங்கியது. கோழிகள் அதன் தட்டிலேயே ஏறி நின்று சோற்றைக் கொத்தித் தின்றன. அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டே மாதத்தில் இளைத்துப்போயிற்று. கடைசியில் கோழிகளிடமிருந்து நாயைக் காப்பாற்ற அக்கா குச்சியோடு உட்கார வேண்டியதாயிற்று.

ஊருக்குப் போன ஒரு குடும்பம் விட்டுப்போன ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கோழியைத் தின்கிற எண்ணமே கிடையாது. அதற்கு ஒழுங்குதான் முக்கியம். சிதறி மேய்கிற கோழிகளைப் பார்த்தால் அதற்கு மனசு கேட்காது. எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு மூலையில் சேர்த்துவிட்டு முன்னால் படுத்துக்கொள்ளும். ஒரு கோழி காலை எடுத்து வெளியே வைத்தால் எழுந்து நிற்கும். ஒரு நாள் நாங்கள் ஷிப்ட் முடிந்து வரும்வரை கோழிகள் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த மூலையிலேயே நின்றிருந்தன. அக்கா அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார். "வேல மட்டும் நல்லா வாங்குறான். பாத்ரூம் போவத்தான் உடமாட்றான்" என்று அவர் சொன்னபோது செல்வியின் ரூமில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு வருத்தமும் இருந்தது.

அடுத்த தெரு டீச்சரின் பொமரேனியன் கேட்டுக்கு வெளியே நின்று உலகமே இடிந்துபோகிற மாதிரி குரைக்கும். ஒரு நாள் கேட் திறந்திருந்தது. உள்ளே வந்தது. சேவல் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டடி எடுத்து வைத்ததுதான் தாமதம், பொமரேனியன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா அதற்குக் கயிறே ஒதுக்கவில்லை.

பீகிள் கதை எனக்கு இப்போது நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது. நீளக் காதும் பாவப்பட்ட கண்ணுமாக வந்த அந்த நாய் கோழிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பச்சைக் கயிறு சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் முட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஓடுகூட மிஞ்சவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஆம்லெட் போட்டுத் தின்கிற பழக்கம் எங்கள் பாண்டிக்கு உண்டு. அக்கா பேச்சுவாக்கில் எங்கள் குப்பைக் கூடையைக் காலால் கிளறிப் பார்த்தார். பாண்டிக்கு அவமானம் தாங்கவில்லை, ரூமைக் காலி பண்ணுகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டான். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. லீவு போட்டுவிட்டுப் பாத்ரூம் ஜன்னலில் நின்றார். பீகிள் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டே போய், வைக்கோலுக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் முட்டையைக் குடித்துவிட்டு ஓட்டையும் மென்று விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு பாண்டியிடம் வந்து, தப்பாக நினைத்துவிட்டேன் தம்பி என்று சொல்லி, அவித்த முட்டை இரண்டு கொடுத்தார். பாண்டி பெட்டியை அவிழ்த்தான். கோபம் இருந்தாலும் முட்டையைத் தின்றான்.

அவர் கடைசிவரை நம்பாதது தெருநாயைத்தான். எங்கிருந்தோ தானாக வந்து சேர்ந்த ஒரு செம்மண் நிற நாட்டு நாய். கோழிகள் முதுகில் ஏறி நின்றாலும் கண்ணைத் திறக்காது. அக்கா எத்தனையோ தடவை மறைந்து நின்று பார்த்தார். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் கோழிகள் குறைந்துகொண்டே வந்தன. "நம்ம ஊரு ஆளு இவன். கேமரா எங்க கீதுன்னு தெரிஞ்சி வெச்சிக்கிறான். வேல செய்ற எடத்துல கை வெக்கமாட்டான்" என்றார் அக்கா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததென்றே நினைக்கிறேன்.

இப்போது என் ராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் இவ்வளவும்.

ராசு என் அப்பாவின் நாய். சிப்பிப்பாறை. சாம்பல் நிறம், ஒட்டிய வயிறு, உருவிவிட்ட மாதிரி கால்கள். கரிசல் காட்டில் அப்பாவோடு சுற்றி, ஓடுகிறதைத் துரத்துவது ஒன்றையே தொழிலாகக் கற்றவன். அப்பா இறந்த பிறகு அம்மா திருப்பூரில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரே அறை, மூன்று பிள்ளைகள், நாய்க்கு வழியில்லை. மாமா வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டுபோய் மோட்டார் ரூமில் கட்டிப்போட்டுவிட்டார். லீவுக்குப் போனபோது பார்த்தேன். விலா எலும்பு தெரிய, என்னைக் கண்டதும் எழுந்திருக்க முடியாமல் வாலை மட்டும் ஆட்டினான். தீப்பெட்டி லோடு ஏற்றி வந்த லாரியில் டிரைவரிடம் கெஞ்சி அவனை ஏற்றிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டில் வந்து இறங்கினேன்.

அக்கா அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பல்லைப் பார்த்தார், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிவப்புக் கயிற்றைக் கட்டினார்.

ராசுவின் குணம் வேறு எந்த நாய்க்கும் இல்லாதது. கோழி நடந்து போனால் அவன் கண்ணுக்கு அது கோழியே இல்லை, கல் மண் மாதிரி ஒரு பொருள். மூக்குக்குக் கீழே மேய்ந்தாலும் கொட்டாவி விடுவான். அதே கோழி எதற்காவது பயந்து நாலு எட்டு ஓடிவிட்டால் போதும், காது நிமிரும், தொடை நடுங்கும், அடுத்த கணம் அவன் அங்கே இருக்க மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவல் ஒரு பெட்டையை விரட்டியது. ராசு கிளம்பினான். கயிற்றைக் கையில் சுற்றியிருந்த அக்காவும் வாளியோடு கிளம்பினார். வாசலின் பாதி தூரத்தை அவர் படுத்த வாக்கிலேயே கடந்தார். முழங்கை தேய்ந்து ரத்தம். நான் பதறிப்போய்த் தூக்கினால் மண்ணைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறார்.

"இவன் மேல தப்பு இல்ல தம்பி. ஓடுறதுதான் இவன் கண்ணுல படுது. அப்டி பண்ணி அனுப்பிச்சிக்கிறாங்க."

அக்கா எந்த நாயையும் கொஞ்சி நான் பார்த்ததில்லை. ராசுவையும் கொஞ்சவில்லை. ஆனால் கீரை ஆயும்போது அவன் வந்து அவர் காலடியில் நீட்டிப் படுத்துக்கொள்வான், அவரும் காலை நகர்த்தாமல் மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். செகண்ட் ஷிப்ட் முடிந்து நாங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் நாட்களில் நான் என் ரூமுக்குப் போவதற்கு முன்பே அவர் அவன் தண்ணீர்ச் சட்டியை எட்டிப் பார்த்துவிடுவார். ஒரு வருஷம் ஆகியும் கயிறு மட்டும் சிவப்பாகவே இருந்தது. மஞ்சளாவது கொடுங்களேன் அக்கா என்று நான் கேட்டால், நீயே கான்ட்ராக்ட்டில்தானே இருக்கிறாய், உன் நாய்க்கு மட்டும் என்ன அவசரம் என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை எனக்கும் அக்காவுக்கும் காலை ஷிப்ட். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோம். நாங்கள் போன பிறகு ராசு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறான். கோழிகள் அப்போது இன்னும் கூண்டுக்குள் இருந்தன. நைட் ஷிப்ட் முடிந்து வந்த பாண்டி தெருமுனையில் அவனைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். நல்ல காரியம்தான். கட்டக் கயிறு தேடியிருக்கிறான். கைக்கு அகப்படவில்லை. பழைய கம்பெனியில் ஐடி கார்டு மாட்டக் கொடுத்த நாடா ஆணியில் தொங்கியது. அதை இரட்டையாக முறுக்கி ராசுவின் கழுத்தில் போட்டுக் கட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான்.

அந்த நாடா பச்சை நிறம்.

ஜெனரல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிய செல்வி, போகிறபோது கூண்டைத் திறந்துவிட்டுப் போவது வழக்கம். திறந்தாள். திரும்பினால் ராசுவின் கழுத்தில் பச்சை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாம். ஒரு வருஷம் கட்டிக் கிடந்த பிள்ளை, கடைசியில் அக்கா பாஸ் பண்ணிவிட்டார் என்று நினைத்து, அவன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து அவிழ்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

நாங்கள் மத்தியானம் வந்து கேட்டைத் திறந்தபோது வாசல் முழுக்க இறகு. சேவல் கூரை மேலே நின்றது. மிஞ்சிய கோழிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்தன. செத்த கோழிகள் எல்லாம் என் ரூம் வாசற்படியில் வரிசையாகக் கிடந்தன. அப்பாவுக்கு எப்படிக் கொண்டுவந்து போடுவானோ அப்படியே எனக்கும் போட்டிருந்தான். ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். நன்றாகச் செய்தேனா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அக்காவின் புள்ளிக்கோழியும் அதில் இருந்தது. அடுப்படிவரை வந்து அவர் கையிலிருந்து அரிசி தின்னும் கோழி. அதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. உள்ளே தூங்கிய வீட்டுக்காரரைத்தான் இரண்டு வார்த்தை திட்டினார். வீட்டில் ஒரு ஆள் இருந்தும் இப்படியா என்று கேட்டார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து இறகுகளைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்தார். அக்கா பாண்டியை எழுப்பிக் கேட்டார். செல்வி சாயங்காலம் வந்ததும் அவளையும் கேட்டார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பச்சை நாடாவைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேக் மாறிப்போச்சு. பார்ட்டு மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல, கலரு வெச்சது நானு" என்றார். நாங்கள் மூச்சு விட்டோம். ஆனால் அவர் முடிக்கவில்லை. "அதுக்கோசரம் இது நல்ல பார்ட்டுன்னும் ஆயிடாது. ஹோல்டுலயே வெச்சிக்கினு இருக்க முடியாது தம்பி. ஞாயித்துக்கெழம முடிவு பண்ணிட்றேன்."

முடிவு என்ன என்று எனக்குத் தெரியாதா? ராசுவைத் தவிர, தேறாததை அவர் ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை. நான் ஓடாத ஓட்டமெல்லாம் ஓடினேன். படப்பையில் ரூம் கேட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் கேட்டேன். நாய் என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் மாமாவுக்கே போன் செய்தேன். கட்டிப்போட இடம் இருக்கிறது, அனுப்பு என்றார். அவனை மறுபடியும் அந்த மோட்டார் ரூமுக்கு அனுப்புவதா? சோறு இறங்கவில்லை. ராசுவுக்கு ஒன்றும் தெரியாது. என் தட்டில் மிஞ்சியதையும் சேர்த்துத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். வெள்ளிக்கிழமை ஓவர்டைம் இருந்தும் அக்கா பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் எங்கேயோ போய்விட்டு விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோ வந்து கேட்டில் நின்றது. தெரிந்த டிரைவர்தான். அக்கா சொல்லித்தான் வந்தேன் என்றார். நான் ராசுவின் சட்டியைக் கழுவித் துடைத்தேன். அவன் படுக்கும் சாக்கை மடித்தேன். அப்பாவின் பழைய துண்டு ஒன்று என்னிடம் இருந்தது, அதையும் அதற்குள் வைத்தேன். ராசுவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை.

அக்கா கூண்டிலிருந்து கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூங்கில் கூடைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பாண்டி கூடைகளின் வாயில் வலையைப் போட்டுக் கட்டினான். வீட்டுக்காரர் அன்றைக்கு அதிசயமாக விழித்திருந்தார். சேவலைத் தோளில் அணைத்துக்கொண்டுபோய் ஆட்டோவின் பின் சீட்டில் வைத்தார்.

"என்னக்கா இது? இவன்தான போகணும்?" என்றேன்.

"எங்க அனுப்புவ?"

"எங்க மாமாகிட்ட. பாத்துக்கிடுவாரு."

"நீ பாத்தியா அவரு பாத்துக்கினத?"

அந்த மோட்டார் ரூமைப் பற்றி அவரிடம் நான்தான் முன்பு சொல்லியிருந்தேன்.

அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "கம்பெனில ரிஜெக்ட் ஆச்சுன்னா எடுத்துக்கினு போயி மறுக்கா உருக்கி வேற பார்ட்டு ஊத்திக்கலாம். இவன இன்னா பண்றது? கோழிக்கு மண்ணூர்ல என் தங்கச்சி வூட்டுல எடம் கீது. வலையடிச்ச எடம், நல்ல நெழலு, வெள்ளிக்கெழம நானே போயி பாத்துட்டு வந்துட்டேன். இவனுக்கு எங்க கீது, சொல்லு."

வேண்டாம் அக்கா, கோழி இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று ஏதோ உளறினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிக் கூடையையும் ஏற்றிவிட்டு, வலை இறுக்கமாக இருக்கிறதா, தண்ணீர்ச் சட்டி கவிழாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கூடையாகக் கையை விட்டுப் பார்த்தார். மெதுவாகப் போகச் சொன்னார், மேடு பள்ளம் பார்த்துப் போகச் சொன்னார், போனதும் போன் பண்ணச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து ராசுவின் கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

ஆட்டோ கிளம்பியது. உள்ளே கோழிகள் ஒரே கூச்சல். ராசுவின் காது நிமிர்ந்தது, தொடை நடுங்கியது, ஒரே பாய்ச்சல். அக்கா இந்தத் தடவை விழவில்லை. கேட் கம்பியில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை அவன் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எகிறிக்கொண்டே இருந்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை, ஆட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவட்டும் உட்றா" என்றார். "போவட்டும்."

கன்னமெல்லாம் கண்ணீர். துடைக்கக் கை இல்லை. கயிறு அவர் கையிலிருந்து நழுவுவதைப் பார்த்து நானும் ஓடிப்போய்ச் சேர்ந்து பிடித்துக்கொண்டேன்.